ஈம் கிராமம்: பிளேக் வந்தப்போ ஊரோட உள்ளேயே இருந்துட்டவங்க பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் இங்கிலாந்துல ஷெஃபீல்டுல இருக்கேன். ஊர்ல இருந்து சொந்தக்காரங்க, ஃபிரெண்ட்ஸ்னு யார் வந்தாலும் ஒரு நாள், 1665-66ல பிளேக் வந்தப்போ ஊரோட வெளிய போகாம உள்ளேயே இருந்த ஈம் கிராமத்துக்கு கூட்டிட்டுப் போயிடுவேன், எனக்கு அந்த ஊர் அவ்வளவு பிடிக்கும். கார்ல போறப்போ, சர்ச் வாசல்ல நிக்கிறப்போ, திரும்பி வர்றப்போன்னு எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய அதே கேள்விங்கதான். கொரோனா சமயத்துல இந்த ஊர் பத்தி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வேற சுத்துச்சு, அதுல பாதி சரி பாதி தப்பு. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன்.

இந்த ஊர் எங்க இருக்கு? பேர எப்படி சொல்றது, எயாமா?

எயாம் இல்ல, ஈம். Eyamங்கிற ஸ்பெல்லிங்க பாத்து எல்லாரும் தப்பாத்தான் சொல்றாங்க. டெர்பிஷயர்ல, பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதில இருக்கு. இப்போ ஆயிரம் பேர் கூட இல்லாத சின்ன ஊர்.

பேரக் கேட்டதும் எங்க பெரியப்பா "ஈமச்சடங்குல வர்ற ஈமமா?"ன்னு கேட்டார். நடந்தத நெனச்சா பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா சம்பந்தம் கிடையாது. பழைய இங்கிலீஷ்ல தீவுக்கான சொல்லுல இருந்து வந்த பேர்னு சொல்றாங்க, ரெண்டு ஓடைக்கு நடுவுல இருக்குற நிலம்ங்கிற மாதிரி அர்த்தம்.

பிளேக் வர்றதுக்கு முன்னாடி அந்த ஊருக்குன்னு ஏதாவது வரலாறு இருக்கா?

நெறையவே இருக்கு, பிளேக் கதை எல்லாத்தையும் மறைச்சிடுச்சு. ஊருக்கு மேல ஈம் மூர்னு ஒரு பொட்டல் மேடு, அங்க வெட் விதென்ஸ்ங்கிற வெண்கலக் காலத்து கல்வட்டம் இருக்கு. சர்ச் வளாகத்துல செதுக்கு வேலை செஞ்ச சாக்ஸன் கற்சிலுவை ஒண்ணு நிக்குது, 8ம் நூற்றாண்டு வாக்குல செஞ்சது, தண்டுல ஒரு துண்டு காணாமப் போனதால கொஞ்சம் குட்டையா தெரியும். 1086ல இங்கிலாந்து ராஜா எடுக்கச் சொன்ன நிலக் கணக்குல, அதான் டூம்ஸ்டே புக், இந்த ஊர் பேரு இருக்கு.

பொழப்புன்னு பாத்தா ஈயச் சுரங்கம். ஆடு மாடு வளர்ப்பு, கொஞ்சம் விவசாயம், அதோட மண்ணத் தோண்டி ஈயம் எடுக்குறது. 1665ல அங்க இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இப்படி உடம்பால ஒழச்சவங்கதான், இத மனசுல வச்சிக்கோங்க, கீழ ஒரு கேள்விக்கு தேவைப்படும்.

லண்டன்ல வந்த வியாதி அவ்வளவு தூரத்துல இருக்குற மலை கிராமத்துக்கு எப்படி போச்சு?

1665ல லண்டன்ல பெரிய பிளேக், பதிவான சாவு மட்டும் 68,000க்கு மேல. அந்த வருஷம் கோடை முடியிற சமயத்துல லண்டன்ல இருந்து ஈம்ல இருந்த அலெக்ஸாண்டர் ஹாட்ஃபீல்டுங்கிற டெய்லர் வீட்டுக்கு ஒரு துணி மூட்டை வந்துச்சு. துணி ஈரமா இருந்ததால அவர்கிட்ட வேலை பாத்த ஜார்ஜ் விக்கர்ஸ் அத பிரிச்சு கணப்பு பக்கத்துல காயப் போட்டாராம். செப்டம்பர் 7ம் தேதி அவர் செத்துட்டார், அவர்தான் முதல் ஆள்.

அந்த வீடு சர்ச்சுக்கு பக்கத்துலயே இன்னும் இருக்கு, பிளேக் காட்டேஜ்னு சொல்றாங்க. வாசல்ல ஒரு பலகை. வீட்டம்மா மேரிக்கு முதல் கல்யாணத்துல ரெண்டு பசங்க. நாலு வயசு எட்வர்ட் செப்டம்பர் 22ல போயிட்டான், பன்னெண்டு வயசு ஜோனத்தன் அக்டோபர் 2ல, புருஷன் அலெக்ஸாண்டர் அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல. மேரி மட்டும் தப்பிச்சாங்க, சொந்தத்துல 13 பேர பறிகொடுத்துட்டு. நான் எத்தனையோ தடவை படிச்சிட்டேன், இன்னும் அந்த கடைசி வரிகிட்ட வந்தா கொஞ்ச நேரம் அப்படியே நின்னுடுவேன்.

துணியில போய் எப்படிங்க பிளேக் இருக்கும்?

துணில இல்ல, துணிக்குள்ள இருந்த தெள்ளுப்பூச்சில. பிளேக்க உண்டாக்குறது யெர்சினியா பெஸ்டிஸ்ங்கிற பாக்டீரியா, எலி மேல இருக்குற தெள்ளு கடிச்சா மனுஷனுக்கு வரும். ஆனா அன்னைக்கு யாருக்கும் இது தெரியாது, கெட்ட காத்துனாங்க, கடவுள் குடுத்த தண்டனைனாங்க. கிருமிய கண்டுபிடிச்சதே 1894ல ஹாங்காங்ல, தெள்ளுதான் பரப்புதுன்னு பால் லூயி சிமோங்கிற பிரெஞ்சு டாக்டர் கராச்சில நிரூபிச்சது 1898ல. அதாவது ஈம் ஜனங்க எதிரி யாருன்னே தெரியாம 14 மாசம் சமாளிச்சிருக்காங்க.

ஊரச் சுத்தி சுவர் கட்டி அடைச்சிட்டாங்களா? யாரு பூட்டுனது?

சுவரும் இல்ல பூட்டும் இல்ல. ஃபார்வர்ட்ல வந்த பெரிய தப்பே இதுதான். குளிர்காலத்துல சாவு கொறஞ்சு, மே மாசம் ரொம்பவே கம்மியாகி, அப்பாடா போயிடுச்சுன்னு நெனச்சிருப்பாங்க, ஜூன் 1666ல மறுபடி ஏற ஆரம்பிச்சிடுச்சு. அப்போதான் ஊரோட பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன்னாடி பாதிரியாரா இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஜனங்ககிட்ட பேசி மூணு விஷயம் முடிவு பண்ணாங்க.

ஒண்ணு, இனிமே சர்ச் கல்லறைல புதைக்கிறதில்ல, அவங்கவங்க வீட்டு ஆளுங்கள அவங்கவங்க தோட்டத்துலயோ வயல்லயோ புதைச்சிக்கணும். ரெண்டாவது, சர்ச்சுக்குள்ள கூட வேண்டாம், குக்லெட் டெல்ஃப்ங்கிற பள்ளத்தாக்குல வெட்டவெளில குடும்பம் குடும்பமா தள்ளி நின்னு பிரார்த்தனை (சோஷியல் டிஸ்டன்ஸிங்னு நாம 2020ல கத்துக்கிட்டத இவங்க 1666லயே பண்ணியிருக்காங்க). மூணாவது, ஊர் எல்லைய தாண்டி யாரும் வெளிய போறதில்ல, வெளிய இருந்தும் யாரும் வர்றதில்ல.

அப்போ சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?

வெளி ஊர்க்காரங்க எல்லைல கொண்டாந்து வச்சிட்டுப் போயிடுவாங்க. ஈமுக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவுல ஒரு எல்லைக்கல் இருக்கு, அதுல குழி குழியா இருக்கும், அந்தக் குழில வினிகர ஊத்தி காச போட்டு வைப்பாங்கன்னு சொல்றாங்க. வினிகர் நோய கொல்லும்ங்கிற நம்பிக்கை. ஊருக்கு வடக்க மேட்டுல மாம்பெசன் கிணறுன்னு ஒரு ஊத்து, அங்க ஓடுற தண்ணில காச போடுவாங்களாம்.

சாட்ஸ்வொர்த் மாளிகைல இருந்த டெவன்ஷயர் பிரபுவும் சாமான் அனுப்பியிருக்கார். வெளி ஆளுங்க இத செய்யலன்னா உள்ள இருந்தவங்க பட்டினிலயே போயிருப்பாங்க, அதனால ஈம் கதைனா அது பக்கத்து ஊர்க்காரங்க கதையும்தான்.

மொத்தம் எத்தன பேர் செத்தாங்க? ஒரு இடத்துல 260, ஒரு இடத்துல 259னு இருக்கே. ஊர்ல இருந்ததே 350 பேர்தானாமே?

259ங்கிறது மாம்பெசன் 1666 நவம்பர்ல எழுதின ஒரு லெட்டர்ல வர்ற கணக்கு, 76 குடும்பத்துல 259 பேர்னு எழுதுறார். சர்ச் பதிவேட்ட வச்சு எண்ணினவங்க 260ங்கிறாங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, சண்டை போட வேண்டியதில்ல. மோசமான மாசம் 1666 ஆகஸ்ட், அந்த ஒரு மாசத்துல மட்டும் 70க்கு மேல. கடைசி சாவு நவம்பர் 1ம் தேதி.

ஊர் ஜனத்தொகைதான் சிக்கல். ரொம்ப காலமா 350 பேர்ல 260 போச்சுன்னு சொல்லிட்டு வந்தாங்க, நாலுல மூணு பங்கு. ஆனா அந்தக் காலத்து அடுப்பு வரிக் கணக்கு, பதிவேடு எல்லாம் வச்சு பாத்த ஆராய்ச்சியாளர்கள் 700 பக்கம் இருந்திருப்பாங்கன்னு சொல்றாங்க. அப்படின்னா மூணுல ஒரு பங்குக்கு மேல. நான் கூட்டிட்டுப் போன ஒருத்தர் இதக் கேட்டுட்டு "அப்போ அவ்வளவு மோசம் இல்லையா"ன்னார். உங்க தெருவுல மூணு வீட்டுக்கு ஒரு வீடு காலின்னு நெனச்சுப் பாருங்க.

ஒரு அம்மா தனியா ஏழு பேர புதைச்சாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். எலிசபெத் ஹான்காக். 1666 ஆகஸ்ட்ல எட்டு நாளைக்குள்ள புருஷனும் ஆறு பிள்ளைங்களும் போயிட்டாங்க. மேல சொன்ன முதல் முடிவுப்படி அவங்களே புதைக்கணும், உதவிக்கு வர ஆள் இல்ல. தானே குழி தோண்டி, தானே இழுத்துட்டுப் போய் புதைச்சாங்க.

ஊருக்கு கிழக்க அரை மைல் தள்ளி மேட்டுல ஒரு சின்ன வட்டச் சுவருக்குள்ள அந்தக் கல்லறைங்க இருக்கு, ரைலி கிரேவ்ஸ்னு பேர். ரைலிங்கிறது அந்த இடத்தோட பேர், நெறைய பேர் குடும்பப் பேர்னு நெனச்சிக்கிறாங்க. சுத்தி வெறும் புல்வெளி, காத்து. கீழ ஸ்டோனி மிடில்டன் பக்கம் இருந்தவங்க அந்த அம்மா தோண்டுறத தூரத்துல இருந்து பாத்துட்டு இருந்தாங்களாம், வர முடியாம. ஈம் போறவங்க சர்ச்ச பாத்துட்டு டீ குடிச்சிட்டு திரும்பிடுறாங்க, தயவு செஞ்சு இங்க வரைக்கும் நடந்து போங்க.

குடும்பமே போயிட்டா யாரு புதைப்பாங்க?

மார்ஷல் ஹோங்கிறவர் செஞ்சார். அவருக்கு நோய் வந்து பொழச்சதால இனிமே வராதுன்னு நம்பி இந்த வேலைய எடுத்துக்கிட்டார், செத்தவங்க வீட்டு சாமான கூலியா எடுத்துப்பார். அவர பேராசைக்காரர்னு சொல்றவங்க உண்டு. ஆனா அவரோட பொண்டாட்டியும் பையனும் பிளேக்ல போயிட்டாங்க, ஒருவேளை அவர் கொண்டாந்த சாமான்லயே வந்திருக்கலாம். எனக்கு அவர் மேல கோவம் வரல, வேற யாரும் தொட மாட்டேன்னப்போ தொட்டவர் அவர்.

சிலருக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல? ஏதோ ஜீன்னு சொல்றாங்களே?

எலிசபெத், மேரி ரெண்டு பேரும் நோயாளிங்க கூடவே இருந்தும் தப்பிச்சாங்க, அதனால இந்தக் கேள்வி ரொம்ப நாளா இருக்கு. ஸ்டீஃபன் ஓ பிரையன்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி ஈம்ல தப்பிச்சவங்க வம்சத்துல வந்தவங்களோட டிஎன்ஏவ சோதிச்சு, சிசிஆர்5 டெல்டா 32ங்கிற மாற்றம் நெறைய இருக்குன்னு சொன்னார், எச்ஐவிய தடுக்குறதும் அதே மாற்றம்தான், அதனால டிவில எல்லாம் பெருசா வந்துச்சு. ஆனா அப்புறம் எலிகள வச்சு செஞ்ச சோதனைல அந்த மாற்றம் பிளேக்க தடுக்குற மாதிரி தெரியல. அதனால "ஈம் ஜீன் பிளேக்க தடுத்துச்சு"ன்னு யாராவது உறுதியா சொன்னா நம்பாதீங்க.

ஊர்ல வேற ஒரு கதை உண்டு, மார்கரெட் பிளாக்வெல்ங்கிற பொண்ணு சாகக் கெடந்தப்போ தாகத்துல, பன்னிக்கறி வறுத்த கொழுப்ப பால்னு நெனச்சு குடிச்சு பொழச்சிட்டான்னு. கொழுப்பு மருந்து கிடையாது, ஆனா பிளேக் வந்த எல்லாரும் சாகறதில்ல, சிலர் தானாவே பொழச்சிப்பாங்க.

ஒரே ஊர்ல ரெண்டு பாதிரியார் எப்படி? யாரு உண்மையான ஹீரோ?

ஸ்டான்லி பழைய பாதிரியார், ஊர் ஜனங்களுக்கு பிடிச்சவர். 1662ல ராஜா கொண்டுவந்த புது சட்டப்படி அரசாங்கம் சொன்ன பிரார்த்தனை முறைய ஏத்துக்க மாட்டேன்னதால அவர வேலைய விட்டு எடுத்துட்டாங்க. 1664ல மாம்பெசன் வந்தார், முப்பது வயசு கூட ஆகல, ஊருக்குப் புதுசு. ரெண்டு பேரும் ரெண்டு கட்சி மாதிரி. இங்கிலாந்துல ராஜாவுக்கும் பார்லிமெண்ட்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிஞ்சு கொஞ்ச வருஷந்தான் ஆகுது, அந்தப் பகை எல்லாம் சூடாத்தான் இருந்துச்சு, அப்படியும் சேர்ந்து நின்னாங்க.

புகழ் முழுக்க மாம்பெசனுக்கே போச்சு, லெட்டர் எழுதி வச்சது அவர்தானே. ஆனா புதுசா வந்த ஒரு சின்ன வயசு பாதிரியார் பேச்சக் கேட்டு மட்டும் ஊரே உள்ள இருந்திருக்காது, ஸ்டான்லியும் சேர்ந்து சொன்னதால கேட்டாங்கன்னுதான் நான் நெனக்கிறேன். பிளேக் முடிஞ்சதும் ஸ்டான்லிய ஊர விட்டு வெளியேத்தணும்னு சிலர் கெளம்புனாங்க, டெவன்ஷயர் பிரபு முடியாதுன்னுட்டார். 1670ல ஈம்லயே செத்தார்.

ஊர உள்ள இருக்கச் சொன்னவர் தன் பிள்ளைங்கள மட்டும் வெளிய அனுப்பிட்டாராமே? இது நியாயமா?

அனுப்பினார், மறைக்க ஒண்ணும் இல்ல. ஜூன் முடிவுக்கு முன்னாடியே பையனையும் பொண்ணையும் யார்க்ஷயருக்கு அனுப்பிட்டார். ஊர்ல வசதியான வேற சிலரும் ஆரம்பத்துலயே கெளம்பிட்டாங்க. வசதி இருந்தவங்களுக்கு வழி இருந்துச்சு, மத்தவங்களுக்கு இல்ல, அது நியாயமில்லன்னு சொன்னா நானும் ஒத்துக்குவேன்.

ஆனா அவரும் அவர் மனைவி கேதரினும் இருந்தாங்க. வீடு வீடா போய் பாத்துக்கிட்டாங்க. கேதரின் ஆகஸ்ட் 25ம் தேதி பிளேக்ல செத்தாங்க, கல்லறை சர்ச் வளாகத்துல சாக்ஸன் சிலுவைக்கு பக்கத்துல இருக்கு. சர்ச்ல புதைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்களே, இவங்கள மட்டும் எப்படின்னு அடுத்து கேப்பீங்க, விதிவிலக்கு குடுத்திருக்காங்க, அவ்வளவுதான். அம்மா போயிட்டாங்கன்னு பிள்ளைங்களுக்கு அவர் எழுதின லெட்டர் இன்னைக்கும் படிக்க கெடைக்குது.

அந்த காதலர்கள் கதை?

எம்மட் சிடால் ஈம் பொண்ணு, ரோலண்ட் டோர் ஸ்டோனி மிடில்டன் பையன். ரெண்டு பேரும் தூரத்துல நின்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க, ஒரு நாள் அவ வரல, தடை எடுத்ததும் முதல்ல ஓடி வந்தவங்கள்ல அவன் ஒருத்தன், அவ வீடு காலியா கெடந்துச்சு. ஊரே சொல்ற கதை.

எம்மட் உண்மையான ஆளு, 1666 ஏப்ரல் கடைசில செத்தா. இப்போ தேதிய கவனிங்க, ஊர் தடை ஜூன்லதான். அதாவது யாரும் தடுக்காதப்பவே ரெண்டு பேரும் தாங்களா தள்ளி நின்னிருக்காங்க. ஃபார்வர்ட்ல சொல்ற மாதிரி சட்டம் பிரிச்ச காதல் இல்ல இது.

உண்மையச் சொல்லுங்க, தியாகமா, இல்ல போக வேற இடம் இல்லாம இருந்தாங்களா?

இதுதான் எல்லாத்துலயும் கஷ்டமான கேள்வி, வரலாற்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே வாக்குவாதம் இருக்கு. ஈயச் சுரங்கக்காரங்கன்னு மேல சொன்னேன்ல, அவங்களுக்கு மாடும் நெலமும் சுரங்கமும்தான் சொத்து, விட்டுட்டு எங்க போவாங்க? போனாலும் சேர்த்துக்க மாட்டாங்க. ஷெஃபீல்டு ஊர்க்காவலர் கணக்குல ஈம்ல நோய் இருந்தப்போ ஜனங்கள தடுக்க செஞ்ச செலவு எழுதியிருக்கு. டைட்ஸ்வெல் சந்தைக்குப் போன ஈம் பொம்பளைய கல்லால அடிச்சு தொரத்துனாங்கன்னு ஒரு கதை உண்டு. 1604லயே சட்டம் வேற, பிளேக் கட்டியோட வீட்ட விட்டு வெளிய நடமாடுறவங்கள தூக்குல கூட போடலாம்.

அதோட இந்தக் கதை இப்போ நாம கேக்குற வடிவத்துக்கு வந்தது ரொம்ப பின்னாடி. ஈம்லயே பொறந்த கவிஞர் அன்னா சீவார்ட் 18ம் நூற்றாண்டுல எழுதினாங்க, உள்ளூர்க்காரர் வில்லியம் வுட் 1842ல ஊர் வரலாற எழுதினார், ஒவ்வொருத்தர் கைலயும் கொஞ்சம் அழகு கூடிடுச்சு.

ஆனா என் கருத்து இதுதான்: வழி இல்லாததால மட்டும் இருந்தாங்கன்னா ஒருத்தர் ரெண்டு பேராவது ராத்திரில மலை வழியா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போக முயற்சி பண்ணியிருப்பாங்க, ஆகஸ்ட் மாசம் தினமும் ரெண்டு மூணு பேர் சாகறப்போ யாருக்குத்தான் ஓடத் தோணாது. பெரிய அளவுல அப்படி நடக்கல. பயமும் இருந்திருக்கும், ஏழ்மையும் இருந்திருக்கும், அதோட "நம்மால இன்னொருத்தர் சாகக் கூடாது"ங்கிறதும் இருந்திருக்கும். மூணும் ஒரே மனசுல இருக்க முடியாதா என்ன.

அப்படி இருந்ததுல பலன் கெடைச்சுதா?

பக்கத்து ஊருங்களுக்கு பரவல, அது பெரிய விஷயம். உள்ள இருந்தவங்களுக்கு நல்லதா கெட்டதாங்கிறதுதான் விவாதம். எலியும் தெள்ளும்தான் காரணம்னா ஆளுங்கள அடைச்சு வச்சது அவங்களுக்கே ஆபத்துன்னு சொன்னவங்க உண்டு. 2016ல லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடலோட்னு ரெண்டு பேர் பதிவேட்ட வச்சு கணக்குப் போட்டு பாத்தாங்க, நாலுல மூணு பங்கு தொற்று மனுஷங்ககிட்ட இருந்து மனுஷங்களுக்கே போயிருக்குன்னு வந்துச்சு, முக்கியமா ஒரே வீட்டுக்குள்ள. பிளேக் காட்டேஜ் கணக்கையும் ஹான்காக் குடும்பத்தையும் பாத்தா அது புரியும்.

எல்கேஜில பாடுன "ரிங்கா ரிங்கா ரோசஸ்" இந்த பிளேக் பத்தினதுதானே?

இல்லைங்க. அந்தப் பாட்டு இங்கிலாந்துல அச்சுல வந்ததே 19ம் நூற்றாண்டு கடைசில, பிளேக்கோட முடிச்சுப் போட்டது 20ம் நூற்றாண்டுல. கைடு சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மாம்பெசன் அப்புறம் என்ன ஆனார்?

கொஞ்ச வருஷத்துல நாட்டிங்காம்ஷயர்ல ஈக்ரிங்ங்கிற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போனார். அங்க ஜனங்க பயந்து ஊருக்குள்ள விடல, வெளிய ஒரு குடிசைல தங்கி, ஒரு மரத்தடில நின்னு பிரசங்கம் பண்ணாராம். ஒரு ஊரையே தள்ளி நிக்கச் சொன்னவர இன்னொரு ஊர் தள்ளி நிக்க வச்சிருக்கு. அப்புறம் மறுபடி கல்யாணம் பண்ணி, 1709 வரைக்கும் இருந்தார்.

எப்போ போனா நல்லா இருக்கும், என்னென்ன பாக்கணும்?

முடிஞ்சா ஆகஸ்ட் கடைசி. அந்த மாசத்தோட கடைசி ஞாயிறு பிளேக் ஞாயிறு, குக்லெட் டெல்ஃப்லயே பிரார்த்தனை நடக்கும், 200வது வருஷமான 1866ல ஆரம்பிச்ச வழக்கம். அது தனியார் நெலம், மத்த நாள்ல நெனச்ச மாதிரி உள்ள போக முடியாது. அதே சமயத்துல கிணறுகளுக்கு அலங்காரமும் பண்ணுவாங்க, பெரிய பலகைல களிமண் பூசி அதுல பூவிதழ ஒவ்வொண்ணா பதிச்சு படம் வரைவாங்க, டெர்பிஷயர் முழுக்க உள்ள பழக்கம், நம்ம பூக்கோலத்த செங்குத்தா நிறுத்தி வச்ச மாதிரி இருக்கும்.

சர்ச்ல செத்தவங்க பேர் எல்லாம் எழுதி வச்சிருக்காங்க, அத அவசரப்படாம படிங்க. 1775ல வச்ச சூரியக் கடிகாரம் வெளிச்சுவர்ல இருக்கு, 1985ல வச்ச பிளேக் கண்ணாடி ஜன்னலும் உண்டு. 1994ல ஆரம்பிச்ச மியூசியம், பிளேக் முடிஞ்ச கொஞ்ச வருஷத்துல கட்டின ஈம் ஹால், எதிர்ல குத்தவாளிங்கள காலப் பூட்டி உக்கார வைக்கிற மரக்கட்டை, அப்புறம் எல்லைக்கல், ரைலி கிரேவ்ஸ். மழைக்கு ஒரு ஜாக்கெட்டும் நல்ல ஷூவும் கண்டிப்பா வேணும்.

பிளேக் காட்டேஜ் உள்ள போய் பாக்கலாமா?

முடியாது, அங்க ஆளுங்க குடியிருக்காங்க. அந்தத் தெருவுல பலகை வச்சிருக்குற நெறைய வீடு அப்படித்தான். ரோட்டுல நின்னு பலகைய படிச்சிட்டு வாங்க, ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறது, தோட்டத்துக்குள்ள இறங்கி செல்ஃபி எடுக்குறது எல்லாம் வேண்டாம். முதல்ல சொன்ன முடிவுப்படி செத்தவங்கள அவங்கவங்க தோட்டத்துலயும் வயல்லயும்தான் புதைச்சாங்க, பெரும்பாலான கல்லறைக்கு அடையாளமே கிடையாது.